நாம்பன் கன்றுக்கு ஒரு தராசு வையுங்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்பவன். பசு, இன்னும் கன்று போடாத நாகு, நாம்பன் என்கிற இளங்காளை, கன்று எல்லாம் சேர்த்து இன்றைக்கு நாற்பத்தேழு உருப்படி நிற்கிறது. அனுமதி இல்லாமல் மாடு ஏற்றிய லொறி ஏ-9 வீதியில் பிடிபட்டது என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் கன்றுகள் கால்கள் கட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் லொறிக்காரனைத் திட்டுகிறோம். அந்தக் கன்றுகள் எங்கள் பட்டிகளில் இருந்துதான் போயின, என்ன மாதிரிப் போயின, என்ன விலைக்குப் போயின என்று யாரும் எழுதக் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீண்டுவிட்டது, வெட்டாமல் போடுங்கள்.

கன்று விற்பனை எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வியாபாரி மோட்டார் சைக்கிளில் பட்டியடிக்கு வருவார், பெரும்பாலும் பின்னேரம், மாடு அடைக்கிற நேரம். படலையில் கையை வைத்தபடி உள்ளே ஒரு பார்வை பார்ப்பார். "அண்ணை, அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லுங்கோ" என்பார். நாங்கள் ஒன்று சொல்ல, அவர் அதில் பாதி சொல்ல, இடையில் எங்கேயோ ஒரு இடத்தில் பேச்சு முடியும். கண்மதிப்பு என்பது இதுதான். அவர் கிழமைக்கு நாற்பது ஐம்பது கன்று பார்க்கிறவர், பார்த்த உடனேயே எடை அவருக்குப் பிடிபட்டுவிடும். நான் வருஷத்துக்கு ஆறோ ஏழோ நாம்பன் விற்கிறவன். அதுவும் பெரும்போகம் என்கிற மாரிமழை விதைப்புக்கு வயல் உழவும் விதைநெல்லுக்கும் காசு தேவைப்படுகிற ஆவணி புரட்டாசியில், புல் கருகி மாடு மெலிந்து நிற்கிற நேரம் பார்த்து விற்கிறவன். இந்த இரண்டு பேரும் வெறும் கண்ணால் பார்த்து விலை பேசினால் யார் தோற்பது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒன்று செய்து பார்த்தேன். கோடைச் சிறுபோக நெல் வரத் தொடங்குவதற்கு முன், தெரிந்த ஒருவருடைய களஞ்சியத்தில் நெல் நிறுக்கும் மேடைத் தராசை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர ரக்டரில் ஏற்றி வந்து பட்டியடியில் இறக்கினேன். சமதரையாகப் பார்த்துக் கீழே பலகை போட்டு, தராசுக்கு மேலே பாலைக் கம்பால் ஒரு கூடு கட்டினோம். வெறுங்கூடு 41 கிலோ, அதைக் கழிக்க வேண்டும். கன்றை உள்ளே விடுவதுதான் பெரிய பாடு, ஒருவர் முன்னால் தவிட்டுச் சட்டியைக் காட்ட இன்னொருவர் பின்னால் தள்ள வேண்டும். முதல் கன்று உள்ளே போனதும் முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. அது பயம் தெளிந்து, சட்டிக்குள் மூக்கை வைத்து அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, கூட்டைக் கழித்து மகள் கொப்பியில் 63 என்று எழுதினாள். இரண்டாவது 58. மூன்றாவது கன்றில்தான் எனக்குப் பெருமை, மற்ற இரண்டையும் விட ஆள் பெரிசாகத் தெரியும், வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுவேன். அது நின்றது 49. வயிறு முழுக்கப் பூச்சி, பூச்சி வயிற்றைத்தான் நான் வளர்த்தி என்று நினைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு நிறுக்காவிட்டால் எனக்கு அது தெரிந்தே இராது.

வியாபாரி வந்து வழக்கம்போல மூன்றுக்கும் சேர்த்து 96,000 ரூபா என்றார். நான் மறுவிலை சொல்லாமல், "தம்பி, உயிர் எடை கிலோ என்ன கணக்கில் பார்க்கிறீங்கள்?" என்று கேட்டேன். 650 என்றார். கொப்பியை நீட்டினேன். மூன்றும் சேர்ந்து 170 கிலோ, அவர் சொன்ன 650 படி 110,500 ரூபா. அவர் கோபப்படவில்லை. தானே கூட்டுக்குள் ஏறி நின்று பார்த்தார், கூடு கழித்து 72 காட்டியது, "சரிதான்" என்று இறங்கி வந்து காசை எண்ணித் தந்தார். 14,500 ரூபா வித்தியாசம், அரை நாள் வேலைக்கு. அவரை நான் கள்ளன் என்று சொல்ல வரவில்லை. வழியில் ஒரு கன்று சாகலாம், ஒன்று காய்ச்சலில் விழலாம், லொறிக்கூலி இருக்கிறது, பிள்ளைகுட்டி இருக்கிறது, இதையெல்லாம் அவர் பார்வையிலேயே கழித்துத்தான் விலை சொல்கிறார். எங்களிடம் எண் இல்லாதபடியால் எவ்வளவு கழித்தார் என்று எங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்கிறேன். நான் சைவன். பட்டிப்பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறவன், மாட்டிறைச்சி வாயில் வைத்ததில்லை. என் அப்பு காலத்தில் நாம்பனுக்கு வேலை இருந்தது, நலமடித்து, அதாவது காயடித்து, பழக்கி உழவுக்கும் வண்டிலுக்கும் பூட்டினார்கள். இன்றைக்கு ரக்டர் உழுகிறது, மெஷின் வெட்டுகிறது. இருபது பசு உள்ள பட்டிக்கு ஒரு நல்ல காளை, மிஞ்சினால் இரண்டு போதும். மிச்ச நாம்பன் கன்றுகள் எல்லாம் பட்டியை விட்டு வெளியே போகத்தான் செய்கின்றன, எங்கே போகின்றன என்றும் எங்களுக்குத் தெரியும். ஆனால் விற்கும்போது "வளர்க்கத்தானே கொண்டுபோறீங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டு, "ஓம் ஓம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறோம். இந்த மறைப்பால் கன்றுக்கு ஒரு நன்மையும் இல்லை. இறைச்சிக்குப் போகிற கன்று என்று வாய் திறந்து சொல்ல முடியாதவனால் எடைக்கு விலை கேட்கவும் முடியாது. இருட்டிய பிறகு அவசரமாக ஏற்றி அனுப்புவதும், கால் கட்டுவதும், கைமாற்றுச் சீட்டு எழுதாமல் கொடுப்பதும் எல்லாம் இந்தக் கூச்சத்தில் இருந்துதான் வருகின்றன. விற்பதே பாவம் என்று நினைப்பவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் விற்க வேண்டாம். விற்கிறவர்கள் பகலில், எல்லோரும் பார்க்க, நிறுத்து விற்கலாம்.

அப்புறம் கன்று எந்த நிலையில் போகிறது என்பது. எங்கள் பக்கம் கன்றுகள் அதிகம் பிறப்பது கார்த்திகை மார்கழியில், அறுவடை முடிந்த வயலில் பசுக்கள் நன்றாக மேய்ந்து மாசி பங்குனியில் சினைப்பட்டால் கணக்கு அப்படித்தான் வரும். ஊர்ப்பசு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர்தான் கறக்கும். அதிலும் பால் சேகரிக்கும் இடத்துக்குக் கொடுக்க ஒட்டக் கறந்துவிட்டால் கன்று முதல் மூன்று மாதத்திலேயே கெட்டுவிடும், பிறகு என்ன போட்டாலும் அந்த வளர்த்தி திரும்ப வராது. ஒரு முலையையாவது முழுதாகக் கன்றுக்கு விடுங்கள் என்று பழைய ஆட்கள் சொன்னது சரியான பேச்சு. பூச்சி மருந்தையும் கன்று மேயத் தொடங்கும்வரை தள்ளிப் போடக்கூடாது. உருளைப்புழுவின் குஞ்சு தாய்ப்பால் வழியாகவே கன்றுக்குள் இறங்கும் என்று எங்கள் கால்நடை வைத்தியர் சொன்ன பிறகுதான், இரண்டு கிழமைக் கன்றுக்கு அவர் ஏன் மருந்து கொடுத்தார் என்று எனக்கு விளங்கியது. 49 கிலோ நின்ற அந்தக் கன்று நான் மருந்து கொடுக்கத் தவறிய கன்று.

பால்குடி மறக்கச் செய்வதில் நாங்கள் செய்கிற பிழைதான் எல்லாவற்றிலும் பெரிது. செய்வதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தாயோடு திரியும் கன்றை விற்கிற அன்றைக்குத்தான் பிடித்துக் கட்டுகிறோம், அன்றைக்கே லொறி. தாயைப் பிரிந்த ஏக்கம், புது இடம், தண்ணீர் இல்லை, தீன் இல்லை, லொறியின் ஆட்டம், எல்லாம் ஒரே நாளில் அதன் தலையில் விழுகிறது. அப்படிப் போகும் கன்று வழியிலேயே எடை இறங்கும், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ வரை போகும், போய்ச் சேர்ந்த இடத்தில் சளி பிடித்து மூச்சு வாங்கும். வாங்குகிறவருக்கு இது நன்றாகத் தெரியும், அந்தச் சாவையும் சளியையும் சேர்த்துத்தான் விலையை இறக்குகிறார்.

நான் இப்போது வைகாசியில், கன்று ஆறு மாதம் கடந்ததும் பிரிக்கிறேன். பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் ஒரு அலம்பல் குச்சி வேலி மட்டும். பார்க்கலாம், மணக்கலாம், குடிக்க முடியாது. மடி உயரத்துக்கு இடைவெளி இல்லாமல் நெருக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கன்று தலையை நுழைத்துவிடும். முதல் இரண்டு இரவும் இரண்டு பக்கமும் கத்தும், வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் கன்றுக்குக் குரல் அடைத்துவிடும், வாயைத் திறக்கும், சத்தம் வராது, பார்க்கவே பாவமாக இருக்கும். நாலாம் ஐந்தாம் நாள் ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்து அசைபோடும். அதோடு பால் மறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் பசுவுக்கும் ஒரு நன்மை இருக்கிறது. ஆடி ஆவணி வெயிலில் புல்லும் இல்லாமல் கன்றையும் இழுத்துக்கொண்டு திரிகிற பசு எலும்பும் தோலுமாகிறது, அடுத்த சினை தள்ளிப் போய் இரண்டு வருஷத்துக்கு ஒரு கன்று என்று ஆகிவிடுகிறது. வெயிலுக்கு முன்னே பால் நிறுத்திய பசு தேறி நிற்கும்.

பிரித்த கன்றை அடுத்த நாளே விற்காமல் இரண்டு மாதம் வைத்திருக்கிறேன். முதல் பத்து நாள் எடை ஏறாது, கொஞ்சம் இறங்கும்கூட, அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. நாளைக்கு அரைக் கிலோ தவிடு, 150 கிராம் தேங்காய்ப் புண்ணாக்கு, வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் குழை, வைக்கல், நக்க ஒரு உப்புக்கட்டி, எந்நேரமும் தண்ணீர். இவ்வளவுதான். யூரியா கலந்த வைக்கல் பெரிய மாட்டுக்கு நல்லது, நூறு கிலோ வைக்கலுக்கு நாலு கிலோ யூரியா, நூறு லீற்றர் தண்ணீர் என்று கரைத்துத் தெளித்து மூன்று கிழமை காற்றுப் புகாமல் மூடி வைப்பது, ஆனால் சின்னக் கன்றுக்கு அதைக் கொடுக்காதீர்கள், அதன் வயிறு அதைத் தாங்காது. அந்த 63 கிலோ கன்று பிரிக்கும்போது தையல் நாடாவால் அளந்து கணக்குப் பார்த்ததில் 48 கிலோ வந்தது. இரண்டு மாதத்தில் 15 கிலோ, 650 படி 9,750 ரூபா. தீனும் மருந்தும் எனக்கு 4,600 ரூபா வரை முடிந்தது. மிச்சம் பெரிய காசு இல்லைத்தான், ஆனால் அந்தக் கன்று சட்டியில் தின்னவும் வாளியில் குடிக்கவும் பழகி, தாயை மறந்து, ஊசி போட்டு, பூச்சி மருந்து குடித்துப் போனது. இந்த முறை வாங்கியவர் பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு, ஒன்றும் சாகவில்லை, அடுத்த வருஷமும் சொல்லுங்கோ என்றார்.

இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. என் மச்சான் கனடாவில் அல்பேட்டாவில் இருக்கிறார், மாட்டுப் பண்ணைகள் நிறைந்த மாகாணம். அங்கே இலைதுளிர் காலத்தில் பிறக்கும் கன்றைப் பனிக்கு முன் பிரித்து விற்கிறார்கள். ஏலம் நடக்கும் வளையத்துக்குள் கன்றுக் கூட்டம் வந்ததும் எடை பலகையில் விழும், அதைப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். பிரித்துக் குறைந்தது 45 நாள் வைத்து, தடுப்பூசி போட்டு, தொட்டியில் தின்னப் பழக்கிய கன்று என்றால் அதைச் சொல்லி விற்பார்கள், கூடுதல் விலையும் கிடைக்கும் என்று மச்சான் வீடியோவில் காட்டினார். அந்தக் கன்றுகள் 250 கிலோ நிற்கும், எங்கள் ஊர்க்கன்று அதில் நாலில் ஒரு பங்கு. அவர்களுடைய சாதியை இங்கே கொண்டுவந்து எங்கள் வெயிலில் வாட்ட வேண்டாம். அவர்கள் பொறுத்து வைத்திருக்கிற அந்த 45 நாளையும் அந்தத் தராசையும் எடுத்துக்கொண்டால் போதும்.

தராசு கிடைக்காதவர்கள் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று எத்தனை அங்குலம், தோள்முனையில் இருந்து பின்பக்க எலும்பு முனைவரை நீளம் எத்தனை அங்குலம். சுற்றைச் சுற்றால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோவில் எடை வரும். சுற்று 38, நீளம் 32 என்றால் 70 கிலோ. எனக்குத் தராசுக்கும் நாடாவுக்கும் நாலு கிலோ வரை வித்தியாசம் வந்தது, பூச்சி வயிற்றுக் கன்று என்றால் இன்னும் ஏமாற்றும். ஆனாலும் ஒன்றும் தெரியாமல் நிற்பதை விட மேல்.

2022 மார்கழியை மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேல் கால்நடை செத்தது. என் பட்டியில் பதினொன்று. விடியப் போனால் வரிசையாகக் கிடக்கின்றன, அதில் ஏழு கன்று, எல்லாம் மெலிந்து பூச்சி வைத்தவை. தேறி நின்ற கன்று ஒன்றும் சாகவில்லை. பிறகு நோயாக இருக்குமோ என்று இந்த மாகாணங்களில் இருந்து மாடும் இறைச்சியும் வெளியே கொண்டுபோகக் கொஞ்ச நாள் தடை போட்டார்கள், மிச்சமானதையும் விற்க முடியவில்லை. அதற்கு முன் 2020 புரட்டாசியில், மாடு வெட்டுவதை நிறுத்த அமைச்சரவை இணங்கியது என்ற செய்தி வந்த அடுத்த கிழமையே, "இனி மாடு போகாது அண்ணை" என்று சொல்லி ஒருவர் என்னிடம் பாதி விலைக்கு நாலு நாம்பன் கொண்டுபோனார். அதே வருஷம் பெரியம்மை மாதிரித் தோலில் கட்டி போடும் நோயும் வடக்கில் வந்தது. ஒவ்வொரு செய்தியும் முதலில் விழுவது எங்கள் விலையில்தான்.

மேய்ச்சல் தரை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், எல்லாம் உண்மை, பெரும்போகம் தொடங்கினால் மாட்டை எங்கே விடுவது என்று தெரியாமல் காட்டோரம் விட்டு வழக்கு வாங்குகிறோம். அதற்குக் காணி விட வேண்டும், அமைச்சு வேண்டும், வருஷங்கள் எடுக்கும். நான் கேட்பது ஒரு தராசு. முள்ளியவளை, மல்லாவி, மாங்குளம், நெடுங்கேணி, பூநகரி என்று நாலைந்து இடத்தில், பிரதேச சபைச் சந்தை வளவிலோ கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க வளவிலோ, மாடு ஏறி நிற்கிற மேடைத் தராசும் ஒரு மரக்கூடும். நெல் தராசுக்குப் போடுவது போலவே வருஷம் ஒருமுறை அதற்கும் முத்திரை போட வேண்டும். மாதத்தில் ஒரு நாள் கன்றுச் சந்தை என்று வைத்து, அன்றைக்குக் கால்நடை வைத்தியர் வந்து பார்த்துச் சுகச் சான்றிதழ் கொடுக்கட்டும், அங்கேயே கைமாற்றுச் சீட்டும் எழுதட்டும். மாட்டுக்குக் குறி சுடுவதும் விற்கும்போது சீட்டு எழுதுவதும் 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டத்திலேயே இருக்கிறது, புதிதாகச் சட்டம் போடத் தேவையில்லை. குறி இல்லாத கன்று அந்த வளவுக்குள் வரவும், சீட்டு இல்லாத கன்று வெளியே போகவும் முடியாது என்றால் மாட்டுக் கள்ளருக்கும் அது ஒரு அடி. என் பட்டியிலேயே போன வருஷம் குறி சுடாத இரண்டு கன்று காணாமல் போயிற்று.

வியாபாரிகளும் இதை எதிர்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு பட்டியாகப் பெற்றோல் எரித்துத் திரிந்து மூன்று, நாலு என்று பொறுக்குவதை விட, ஒரே அளவான இருபது கன்று ஒரே இடத்தில் நின்றால் ஒரு லொறி நிறையும். முஸ்லிம்களின் குர்பானிக்கு இரண்டு வயது நிறைந்த மாடு வேண்டும், அதற்காக ஒரு வயதுக் கன்றை வாங்கி வளர்க்கிறவர்கள் வவுனியாவிலும் மன்னாரிலும் இருக்கிறார்கள், அவர்களும் நேரே வரலாம். ஒன்றிரண்டு கன்று வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், போர் முடிந்த 2009 க்குப் பிறகு வாழ்வாதாரத்துக்குக் கிடைத்த ஒரு பசுவில் இருந்து தொடங்கியவர்கள், வாசலுக்கு வருகிற வியாபாரியோடு தனியாக நின்று பேரம் பேச வேண்டியவர்கள். அவர்களுக்குத்தான் இந்தத் தராசு என்னை விட அவசியம்.

இதை வாசிக்கும் பிரதேச சபை உறுப்பினர்கள், அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இதைச் சேர்க்கப் பாருங்கள். இந்த மழைக்குப் பிறக்கப்போகும் கன்றுகள் எங்கள் பட்டியில் பத்தோ பன்னிரண்டோ இருக்கும், வைகாசியில் பிரிப்பேன், ஆடியில் விற்பேன். அதற்குள் சந்தை வளவில் தராசு வந்தால் அங்கே கொண்டு வருகிறேன். வராவிட்டால் அந்தக் களஞ்சியத் தராசை மறுபடி இரவல் கேட்பேன், கூட்டைப் பிரிக்காமல் அப்படியே தறப்பாளால் மூடி வைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டிக்காரர்கள் தங்கள் கன்றுகளையும் கொண்டு வந்து நிறுக்கலாம்.

இப்படிக்கு,
பட்டிக்காரன் ஒருவன்,
ஒட்டுசுட்டான்.